மெட்டாலிக், பேர்ல் பெயிண்ட் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரு டோருக்குப் புதிதாக மெட்டாலிக் அடித்தாகிவிட்டது. கலர் நம்பர் சரி, கலந்த அளவும் சரி. ஆனாலும் பக்கத்து ஃபெண்டரோடு ஒட்டவில்லை. இந்த இடத்தில் பெரும்பாலான பட்டறைகளில் கை உடனே டின்டர் (நிறத்தைத் திருத்தக் கலக்கும் சாயம்) டின்னை நோக்கித்தான் போகும். கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை, இன்னும் கொஞ்சம் சில்வர் என்று ஊற்றி ஊற்றிக் கடைசியில் எந்தக் காருக்கும் சேராத ஒரு நிறம்தான் மிஞ்சும்.

மெட்டாலிக், பேர்ல் இரண்டிலுமே கோளாறின் வேர் பெரும்பாலும் பெயிண்டுக்குள் மினுக்கும் நுண்ணிய தகடுகள் படுத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஒரே வரிசையில்தான் போகப் போகிறோம்: முதலில் தகடு, அடுத்து பெயிண்டைத் தூவும் கன், அதற்கு அப்புறம்தான் நிறம். இந்த வரிசையைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தால் டின்டரைத் தொட வேண்டிய வேலைகள் வெகுவாகக் குறையும்.

உள்ளே என்ன இருக்கிறது

அலுமினியத் தூளை மினரல் டர்பன்டைனும் கொழுப்பு அமிலமும் சேர்த்து, இரும்புக் குண்டுகள் உருளும் பீப்பாயில் மணிக்கணக்கில் அரைத்துத் தட்டையாக்குகிறார்கள். கார் பெயிண்டுக்கு வரும் தகடுகள் பொதுவாகப் 10 முதல் 40 மைக்ரான் அகலம் இருக்கும். தடிமன் ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஒவ்வொன்றும் குட்டிக் கண்ணாடிதான். ஒளியைத் திருப்பி அனுப்பும், ஊடுருவ விடாது.

பேர்ல் வேறு ஜாதி. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவின் மெல்லிய தகட்டின் மேல் டைட்டானியம் டைஆக்சைடு ஒரு தோல்போலப் படிய வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தோலின் மேற்பரப்பில் கொஞ்சம் ஒளி திரும்புகிறது, அடிப்பரப்பில் கொஞ்சம் திரும்புகிறது. இரண்டும் சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. தோல் 40 முதல் 60 நானோமீட்டர் தடிமன் இருந்தால் வெள்ளிப் பளபளப்பு. தடிமன் ஏற ஏறப் பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று வரிசையாக மாறும். அதாவது பச்சை பேர்லில் பச்சைச் சாயம் எதுவும் இல்லை. மீதி ஒளி தகட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். அதனால்தான் பேர்லுக்கு அடியில் என்ன நிறம் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம்.

காய்ந்த பேஸ் கோட், அதாவது நிறமும் தகடும் இருக்கும் அடுக்கு, சுமார் 15 மைக்ரான்தான் இருக்கும். 30 மைக்ரான் அகலமுள்ள தகடு அதற்குள் நின்றுகொண்டிருக்க இடமே இல்லை. தின்னர் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது மேலிருந்து அழுத்தப்பட்டு, தரையில் சிதறிய சீட்டுகள் மாதிரி படுத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே மாதிரி படுத்தால் நேரே பார்க்கும்போது நல்ல வெளிச்சம், சாய்த்துப் பார்க்கும்போது நல்ல இருட்டு. தாறுமாறாகப் படுத்தால் நேரே மங்கும், பக்கவாட்டில் வெளுக்கும். படுப்பதற்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, எவ்வளவு சுருங்க இடம் இருந்தது என்பதை முடிவு செய்வது தின்னர், காற்றழுத்தம், தூரம், கை வேகம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

கிளியர் (மேலே போடும் நிறமற்ற பூச்சு) போடாத பேஸ் கோட்டை வைத்து ஒப்பிட வேண்டாம். சோதனைத் தகடு ஒன்றில் அதே கன், அதே தின்னர், அதே கோட் எண்ணிக்கையில் அடித்து, கிளியரும் போட்டுக் காய்ந்த பின் காரின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய பெயிண்டைப் பாலிஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு ஒப்பிடுவது நல்லது; வெயிலில் மங்கிய கிளியர் உங்களை ஏமாற்றும்.

பார்ப்பதும் மூன்று கோணத்தில். ஒளி பட்டுத் திரும்பும் கோணத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு பார்வை, நேராக ஒரு பார்வை, நன்றாகச் சாய்ந்து பக்கவாட்டில் ஒரு பார்வை. கலர் அளக்கும் கருவிகளும் இதைத்தான் செய்கின்றன: 15, 45, 110 டிகிரி என்று பிரித்து அளக்கின்றன. ஒரே கோணத்தில் அளக்கும் சாதாரணக் கருவி மெட்டாலிக்குக்கு உதவாது. அப்புறம் நேரடி வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை. மினுமினுப்பு வெயிலில்தான் தெரியும். துகள் துகளாகத் தெரியும் கரடுமுரடு மேகமூட்டத்தில்தான் தெரியும். டியூப் லைட் அடியில் மட்டும் பார்த்து முடிவெடுக்கவே கூடாது.

நேரே பார்த்தால் கறுப்படிக்கிறது, பக்கவாட்டில் வெளுக்கிறது

ஈரமாக அடித்திருக்கிறீர்கள். கன் கிட்டே இருந்திருக்கும், அல்லது காற்றழுத்தம் குறைவு, கை வேகம் குறைவு, தின்னர் ரொம்ப மெதுவாகக் காயும் ரகம், கோட்டுக்குக் கோட் இடைவெளி விடாமல் அடித்தது. இதில் ஒன்றோ இரண்டோ நடந்திருக்கும். படலம் வெகுநேரம் தண்ணியாக இருக்கும்போது தகடுகள் உள்ளே நீந்திச் சாய்ந்து போகின்றன, நிறச்சாயம் மேலே வந்து மூடுகிறது.

அடுத்த சோதனைத் தகட்டில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள். போதாவிட்டால் ஒரு படி வேகமான தின்னர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த காருக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நேரே வெளுப்பு, பக்கவாட்டில் இருட்டு, தொட்டால் சொரசொரப்பு

இது எதிர்ப்பக்கம்: வறண்ட அடி. சித்திரை, வைகாசி வெயிலில் வேகமான தின்னரைப் போட்டு மதியம் அடித்தால் இதுதான் வரும். பெயிண்ட் கன்னிலிருந்து பேனலுக்குப் போவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. தகடுகள் மேலே குவிந்து கிடக்கின்றன, மெட்டாலிக் பெரிய பெரிய துகளாகத் தெரிகிறது. மெதுவான தின்னருக்கு மாறுங்கள், காலையில் அடியுங்கள், தூரத்தைக் குறையுங்கள்.

மழைக்காலத்தில் இதே வேகமான தின்னர் இன்னொரு கோளாறைத் தரும். ஆவியாகும் வேகத்தில் பேனல் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் மேலே படிந்து வெண்மையாகப் பூக்கும். அதை மெட்டாலிக் வெளுப்பு என்று நினைத்துக் கறுப்பைக் கலக்காதீர்கள்.

மூன்று கோணத்திலும் ஒரே அளவு வித்தியாசம்

இப்போதுதான் நிறம் சந்தேகத்துக்கு வருகிறது. அதற்கும் முன்னால் டின்னைப் பாருங்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மைக்காவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பெயிண்டின் மீதிப் பகுதி அதைவிட மிகவும் லேசு. அலமாரியில் நின்ற டின்னில் தகடு அடியில் உட்கார்ந்துவிடும். மேலோட்டமாகக் குலுக்கி ஊற்றினால் சாயம் வரும், சில்வர் அடியிலேயே தங்கும். அடித்துக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கும்: சாப்பிடப் போய்விட்டு வந்து கன் கப்பை ஆட்டாமல் மீதிக் கதவை அடித்தால் இரண்டு பாதியும் இரண்டு நிறம்.

அடியில் கட்டியானதைத் தட்டையான குச்சியால் சுரண்டிக் கையால் கலக்குங்கள். டிரில் மெஷினில் கலக்கியை மாட்டி வேகமாகச் சுற்ற வேண்டாம். மெல்லிய தகடு மடங்கும், உடையும். ஒரு முறை மடங்கிய அலுமினியத்தை யாராலும் நிமிர்த்த முடியாது, பெயிண்ட் நிரந்தரமாகச் சாம்பல் பூத்துவிடும். அலுமினியப் பேஸ்ட்டை (தகடுகள் பசையாக வரும் சரக்கு) நீங்களே கலப்பவர் என்றால், பேஸ்ட்டின் எடைக்குச் சமமான தின்னரை ஊற்றி அரை மணி நேரம் ஊற விட்டு, மெதுவாகக் கிளறிக் கூழாக்கி, அதன் பிறகு பெயிண்டில் சேர்க்க வேண்டும். காய்ந்த பேஸ்ட்டை நேரே பெயிண்டில் போட்டுக் கட்டி உடைக்க முயன்றால் தகடுதான் உடையும்.

டின்னும் சரி என்றால் திருத்துங்கள். பெரிய தகடு சேர்த்தால் நேரே வெளிச்சம் கூடும், பக்கவாட்டு இருட்டும் கூடும். சிறிய தகடு இரண்டையும் எதிர்ப்பக்கம் இழுக்கும், ஆனால் மறைக்கும் சக்தியைக் கூட்டும். பக்கவாட்டை மட்டும் வெளுக்க வைக்க ஒரு துளி வெள்ளை போதும். அதிகமானால் மெட்டாலிக்கின் உயிரே போய்ப் பால் கலந்தது மாதிரி ஆகிவிடும். பெயிண்ட் கம்பெனிகள் இதற்கென்றே தரும் பக்கவாட்டு நிறத்தைச் சரிசெய்யும் சேர்மானம் வெள்ளையைவிடப் பாதுகாப்பானது.

இவ்வளவு செய்தும் நூல் பிடித்த மாதிரி பொருந்தவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. தொழிற்சாலையில் மின்னேற்றம் பெற்ற, மணி வடிவில் சுழலும் கிண்ணம் பெயிண்டைத் தூவுகிறது. நம் கையில் இருப்பது காற்றுக் கன். தகடு படுக்கும் விதம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. புது காரிலேயே பம்பரும் ஃபெண்டரும் லேசாக வேறுபடுவதைப் பார்க்கலாம், ஏனென்றால் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பெரும்பாலும் தனி லைன், காய வைக்கும் அடுப்பின் சூடும் தனி. எனவே மெட்டாலிக் வேலையில் பேனலின் ஓரத்தில் டேப் ஒட்டி நிறத்தை நிறுத்துவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். பக்கத்துப் பேனலுக்குள் நிறத்தைப் படிப்படியாக மங்கிக் கரைய விட்டு, கிளியரை முழுப் பேனலுக்கும் போடுங்கள்.

கரைய விட்ட இடத்தைச் சுற்றி வெளுத்த வளையம்

ஓரத்தில் விழுந்தது பெயிண்ட் அல்ல, பாதி காய்ந்த தூசி. தகடுகள் பழைய கிளியரின் மேல் சொரசொரவென்று நிற்கின்றன. கரைய விடும் பகுதியில் முதலில் சாயமில்லாத பேஸ் பைண்டரை (தகட்டையும் சாயத்தையும் பிடித்து வைக்கும் பிசின்) ஒரு மெல்லிய ஈரக் கோட் போட்டுக்கொண்டு, அந்த ஈரத்தின் மேல் நிறத்தை மங்கிக்கொண்டே போக விடுங்கள். ஒவ்வொரு கோட்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் வெளியே முடிய வேண்டும். கிளியர் போட்ட பிறகு வளையம் தெரிந்தால் வேறு வழியில்லை, தேய்த்து மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

திட்டுத் திட்டாக, மேகம் படர்ந்த மாதிரி

சில்வரிலும் வெளிர் நிறங்களிலும் இதுதான் முதல் எதிரி. பானட், ரூஃப் போன்ற அகலமான இடத்தில் பளிச்சென்று தெரியும். சில இடத்தில் படலம் தடித்து ஈரமாக இருக்கிறது, அங்கே தகடுகள் கூட்டமாக நகர்ந்துவிட்டன. பக்கத்தில் மெல்லிசாகக் காய்ந்துவிட்டது, அங்கே அசையவில்லை.

எப்போது தெரிந்தது என்று முதலில் கேளுங்கள். பேஸ் கோட் நிலையிலேயே தெரிந்தால் நல்ல காலம். முழுவதும் ஒரே மாதிரி பளபளப்பற்று மங்கும் வரை விடுங்கள். அப்புறம் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி, வழக்கமாக 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் அடிப்பவர் 25 முதல் 30 செ.மீ. வரை பின்வாங்கி, ஒரு மெல்லிய தூவல் கோட் போடுங்கள். தகடுகள் துளித்துளியாக வந்து சீராக உட்காரும். கையைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவது நல்லது. அதற்காக இந்தத் தூவலை மூன்று நாலு தடவை குவிக்கக் கூடாது. பைண்டர் இல்லாத தகடுக் குவியலின் மேல் கிளியர் பிடிக்காது, சில வருடத்தில் தாள் மாதிரி உரிந்து வரும்.

கிளியர் போட்ட பிறகுதான் மேகம் வந்தது என்றால் குற்றவாளி கிளியரை அடித்த விதம். பேஸில் தின்னர் இன்னும் அடங்கியிருக்கும்போது முதல் கிளியரையே கனமாகப் போட்டால் அது பேஸை மறுபடி கரைத்துத் தகட்டை அசைத்துவிடும். முதல் கிளியர் மிதமாக, அது கொஞ்சம் இழுத்துப் பிடித்த பின் இரண்டாவது நிறைவாக. காத்திருக்கும் நேரத்தைக் கடிகாரத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். டோர் மடிப்பு, கைப்பிடிக் குழி மாதிரி தடித்த இடங்கள் மங்கினவா என்று பாருங்கள். கடைசியாகக் காய்வது அவைதான்.

மேகம் வந்த பேஸைத் தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்துச் சமன் செய்து நேரே கிளியர் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. தேய்த்த இடத்தில் வெட்டுப்பட்ட தகடுகள் வேறு மாதிரி ஒளிரும், கோடுகள் கிளியருக்கு அடியில் நிரந்தரமாகத் தெரியும். தூசி எடுப்பதற்காகத் தேய்த்தாலும் அதன் மேல் குறைந்தது ஒரு பேஸ் கோட் போட்டே ஆக வேண்டும்.

பட்டை பட்டையாகக் கோடு

மேகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பட்டை ஒரே இடைவெளியில், கை ஓடிய திசையிலேயே வரும். சந்தேகம் நேரே கன் மேல் போக வேண்டும்.

ஃபேனைப் (கன்னிலிருந்து விசிறியாக விரியும் தூவல்) படுக்கை வசமாகத் திருப்பிச் சுவரில் ஒட்டிய தாளில் ஒரே இடத்தில் வழியும் வரை அடித்துப் பாருங்கள். எல்லாச் சொட்டும் ஒரே நீளத்துக்கு வழிந்தால் கன் நலம். நடுவில் மட்டும் நீளமாக வழிந்தால் காற்று போதவில்லை அல்லது பெயிண்ட் கெட்டி. இரண்டு ஓரத்தில் நீளமாக வழிந்தால் காற்று அதிகம் அல்லது பெயிண்ட் ரொம்ப நீர்த்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் ஏர் கேப்பை (கன் முனையில் காற்றுத் துளைகள் உள்ள மூடி) அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். சாய்வு பக்கம் மாறினால் அடைப்பு ஏர் கேப்பில். மாறாமல் இருந்தால் பெயிண்ட் வெளிவரும் நாசிலில். ஊசியாலோ கம்பியாலோ குத்த வேண்டாம், தின்னரில் ஊற வைத்துப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். துளை ஓரம் கொஞ்சம் சிதைந்தாலும் தகடில்லாத சாலிட் கலரில் தெரியாது, மெட்டாலிக்கில் காட்டிக்கொடுத்துவிடும்.

கன் நலமாக இருந்தும் பட்டை வந்தால் ஓவர்லேப், அதாவது ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு ஏறும் அளவு, போதவில்லை. சாலிட் கலருக்குப் பாதி போதும். மெட்டாலிக்குக்கு முக்கால் வரை போங்கள். மணிக்கட்டை வளைத்து வில் மாதிரி வீசுபவர்களுக்குப் பட்டையின் இரு முனையும் வெளுத்து நடு கறுத்து வரும்.

கிளியருக்கு அடியில் மணல் மாதிரி புள்ளிகள்

டின் மூடியின் ஓரத்தில் காய்ந்த பேஸ்ட் உள்ளே விழுந்திருக்கலாம். வடிகட்டாமல் ஊற்றியிருக்கலாம். கார் மெட்டாலிக்குக்கு 190 மைக்ரான் வலை வசதியானது. அதைவிட மிக நுண்ணிய வலை போட்டால் பெரிய பேர்ல் தகடுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிறத்தையே மாற்றிவிடும். வடிகட்டிய பிறகு வலையில் மினுமினுக்கும் படிவு நிறைய நின்றால் வலை தவறு.

பேர்ல் செத்துக் கிடக்கிறது, ஜொலிப்பே இல்லை

பெரும்பாலும் காரணம் உடன் இருக்கும் சாயம். மறைக்கும் சக்தி அதிகமுள்ள எந்தச் சாயமும், முக்கியமாக வெள்ளை, பேர்லின் ஜொலிப்பை மூடிவிடும். பேர்லுக்கு ஒளி ஊடுருவும் சாயங்கள்தான் சரி. அலுமினியத்தைக் கூட அளந்துதான் சேர்க்க வேண்டும்.

அடுத்த காரணம் அடி நிறம். நீல பேர்லைக் கறுப்பின் மேல் அடித்தால் ஆழமான நீலம் கிடைக்கும், ஏனென்றால் உள்ளே போன மீதி ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுகிறது. அதையே வெள்ளையின் மேல் அடித்தால் நேரே லேசான நீலம், சாய்த்தால் மஞ்சள் சாயல். உள்ளே போன ஒளியை வெள்ளை திருப்பி அனுப்பி நீலத்தைக் கழுவிவிடுகிறது. இது கோளாறு கிடையாது, அந்தத் தகட்டின் குணம். வாடிக்கையாளரிடம் சிறு சோதனைத் தகட்டில் அடித்துக் காட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மூன்று கோட் வெள்ளைப் பேர்ல் பொருந்தவில்லை

இதில் அடியில் வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர் என்று மூன்று அடுக்கு. இங்கே நிறத்தைத் தீர்மானிப்பது நடுவில் போடும் பேர்ல் கோட்டின் எண்ணிக்கை. ஒரு கோட் கூடினால் மஞ்சள் பூக்கும், குறைந்தால் சுண்ணாம்பு வெள்ளை. கண்ணளவில் இதைப் பிடிக்க முடியாது. நீளமான சோதனைத் தகடு ஒன்றில் அடி வெள்ளையை முழுவதும் அடித்துக் காய விடுங்கள். அதை நாலு பகுதியாக டேப் போட்டுப் பிரித்து, முதல் பகுதிக்கு ஒரு பேர்ல் கோட், இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி நாலு வரை போட்டு, எல்லாவற்றுக்கும் கிளியர் போடுங்கள். காரின் மேல் வைத்தால் எந்தப் பகுதி கலந்து மறைகிறதோ அதுதான் உங்கள் கோட் எண்ணிக்கை. அந்தத் தகட்டின் பின்னால் கன், நாசில், அழுத்தம், தின்னர் எல்லாம் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். இன்னொருவர் கைக்கு அந்த எண்ணிக்கை பொருந்தாது.

நாலு பகுதியுமே மஞ்சளாகத் தெரிந்தால் அடி வெள்ளையைச் சந்தேகியுங்கள். அதுவும் சரியென்றால் பேர்லின் ரகத்தை. இயற்கை மைக்காவில் இரும்பின் சுவடு இருப்பதால் மெல்லிய மஞ்சள் சாயல் உண்டு. ஜார்க்கண்டின் கோடர்மா பக்கமும் ஆந்திராவின் கூடூர் பக்கமும் வெட்டியெடுத்த மைக்கா உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஜார்க்கண்ட் பகுதிச் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது வெளிச்சத்துக்கு வந்த பின், 2017-இல் பொறுப்பான மைக்காவுக்கென்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பே தொடங்கப்பட்டது. ஆய்வகத்தில் உருக்கி எடுக்கும் செயற்கை மைக்காவில் இரும்பு இல்லை, அதனால் வெண்மை அதிகம். அந்த ரகத்தில் வந்த காருக்கு இயற்கை மைக்கா பேர்லைப் போட்டு எத்தனை கோட் மாற்றினாலும் பொருந்தாது.

நிறம் பொருந்துகிறது, வெயிலில் மினுக்கம் மட்டும் வேறு

தகட்டின் பொருளே வேறாக இருக்கலாம். அலுமினிய ஆக்சைடு தகட்டின் மேல் டைட்டானியம் பூசிய ஒரு ரகம் உண்டு. ஸிராலிக் என்ற பெயரில் ஜெர்மனியின் மெர்க் தயாரித்தது. தகடுகள் மிக வழுவழுப்பாகவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகவும் இருப்பதால் வெயிலில் தனித்தனிப் பொறியாகத் தெறிக்கும். 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஒனஹாமாவில் இருந்த ஆலை நின்றபோது உலகில் வேறெங்கும் அது தயாராகவில்லை. ஃபோர்டு, கிறைஸ்லர் போன்ற கம்பெனிகள் சில நிறங்களுக்கு ஆர்டர் எடுப்பதையே கட்டுப்படுத்தின. அவர்களாலேயே மாற்றுத் தகடு போட்டுச் சமாளிக்க முடியவில்லை. பட்டறையில் சாதாரண பேர்லும் சில்வரும் கலந்து நாம் சமாளிக்கவும் முடியாது. ஃபார்முலாவில் அந்த டின்டர் இருந்தால் அதையே வாங்குங்கள்.

டின் உப்பியிருக்கிறது

தண்ணீர் சார்ந்த பெயிண்டில் அலுமினியம் இருந்தால் இந்தப் பயம் எப்போதும் உண்டு. பாதுகாப்புப் பூச்சில்லாத அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். காரமோ அமிலமோ கூடினால் வேகம் கூடும். வாயு ஒரு பக்கம், தகடு அரிக்கப்பட்டுப் பெயிண்ட் சாம்பலாவது இன்னொரு பக்கம். சால்வென்ட் பெயிண்டுக்கான (தின்னர் சார்ந்தது) பேஸ்ட்டைத் தண்ணீர்ப் பெயிண்டில் கலந்ததுதான் வழக்கமான காரணம். சிலிக்கா உறை போட்ட, தண்ணீருக்கென்றே தயாரித்த பேஸ்ட்டைத்தான் வாங்க வேண்டும். சால்வென்ட் பெயிண்டிலும் ஈரம் ஏறிய தின்னர் கலந்தால் இதே கதை நடக்கலாம்.

உப்பிய டின்னை வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடத்தில் திறக்காதீர்கள். வெட்டவெளிக்கு எடுத்துப் போய், முகத்தைத் தள்ளி வைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். அந்தப் பெயிண்டைக் காப்பாற்ற முயல வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: குளோரின் கலந்த பெயிண்ட் ரிமூவர் திரவங்களை அலுமினியப் பேஸ்ட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், வெடிக்கும் அளவுக்கு வினை நடக்கலாம். அலுமினியத் தூளில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல்தான்.

கேட்டுக்கு அடித்த சில்வர் சாம்பலாகிறது, கையில் ஒட்டுகிறது

வீட்டுக் கேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அடிக்கும் அலுமினியப் பெயிண்ட் வேறு ரகம். ஸ்டியரிக் அமிலம் பூசிய தகடுகள் மேலே மிதந்து வந்து ஓடு வேய்ந்தது போல அடுக்கிக்கொள்ளும். பளபளப்பும் ஈரத்தைத் தடுக்கும் சக்தியும் அதிலிருந்துதான் வருகிறது. மேலேயே கிடப்பதால் தேய்த்தால் கொஞ்சம் கையில் ஒட்டும், அது இயல்பு. அதைத் தடுக்க மேலே கிளியர் போட்டால் அடுக்கு கலைந்து மங்கிவிடும், கிளியரும் நிலைக்காது. தேயும் இடத்துக்கு மிதக்காத ரகத்தை வாங்குங்கள்.

அடித்த அன்றே சாம்பலாக இருந்தால் மிதக்கும் குணம் போய்விட்டது. பழைய ஸ்டாக், அமிலத்தன்மை கூடிய வார்னிஷ், தவறான தின்னர் எல்லாம் அதைக் கெடுக்கும். ஐ.எஸ். 2339 என்ற இந்தியத் தர அளவில் பேஸ்ட்டையும் மீடியத்தையும் (அதைக் கலக்கும் வார்னிஷ்) தனித்தனி டின்னில் தருவதற்குக் காரணம் இதுதான். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். சில நாளில் கறுப்புத் தழும்பு வந்தால் பக்கத்தில் சிமெண்ட் பூச்சோ சுண்ணாம்போ நடந்ததா என்று விசாரியுங்கள். அதன் காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும்; தெறித்தவுடன் கழுவினால் தப்பிக்கலாம்.

பொன் நிறம் பச்சை பூக்கிறது

கோயில் வாகனம், மரச் சிற்பம், சட்டங்களுக்கு அடிக்கும் மலிவான தங்கப் பெயிண்டில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடு. கை வியர்வை, கடற்காற்று, எண்ணெய் வார்னிஷின் அமிலம் எதுவும் அதைக் கறுக்கவும் பச்சை பூக்கவும் வைக்கும். மேலே வார்னிஷ் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. வெளியில் நிற்கும் பொருளுக்கும் அபிஷேக எண்ணெய் படும் பொருளுக்கும், மைக்காவின் மேல் டைட்டானியமும் இரும்பு ஆக்சைடும் பூசிய பொன் பேர்லைக் கேளுங்கள். பித்தளையின் உலோகக் கனம் அதில் வராது, ஆனால் அது ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் மேலும் துருப்பிடிக்க எதுவும் இல்லை.

அந்த பேர்லும் வெளிப்புறத் தரம்தானா என்று பாருங்கள். டைட்டானியம் டைஆக்சைடு வெயிலில் தன்னைச் சுற்றியுள்ள பைண்டரையே சிதைக்கும் குணமுடையது. உள் அலங்காரத்துக்கான ரகத்தை மாடியில் அடித்தால் சில மழைக்காலத்துக்குள் மாவாக உதிரும். வெளிப்புற ரகத்தில் அதைத் தடுக்கத் தனி மேல்பூச்சு இருக்கும்.

பவுடர் கோட்டிங்கில் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம்

பவுடர் கோட்டிங் என்பது உலர்ந்த தூளை மின்னேற்றி ஒட்ட வைத்துச் சூட்டில் உருக்கும் பூச்சு. இதற்கான மெட்டாலிக் பவுடர் இரண்டு விதமாக வருகிறது. தகட்டைப் பவுடரோடு சும்மா கலந்தது ஒன்று, சூடாக்கிப் பவுடர் துகளின் மேல் ஒட்ட வைத்தது இன்னொன்று. முதல் ரகத்தில் தகடும் பவுடரும் வெவ்வேறு அளவு மின்னேற்றம் பெறுகின்றன. ஒன்று பொருளில் அதிகம் ஒட்டுகிறது, மற்றது கீழே விழுகிறது. விழுந்ததை மீட்டு மறுபடி கலக்கும்போது விகிதம் மாறி நிறம் நகர்ந்துகொண்டே போகும். ஜன்னல் ஃபிரேமின் ஓரங்கள் மட்டும் சட்டம் போட்டது போல வேறாகத் தெரிவதற்கும் இதே பிரிவினைதான் காரணம். வோல்டேஜைக் குறையுங்கள், எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ஒரே வீட்டுக்கான எல்லாச் சட்டங்களையும் ஒரே பேட்ச் பவுடரில், மீட்டதைக் கலக்காமல் அடியுங்கள். பெரிய ஆர்டர் என்றால் சூட்டில் ஒட்ட வைத்த ரகத்தையே கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பத்து ஜன்னலைக் கழற்றி மறுபடி அடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.